பம்பரில் யார் போட்டதென்றே தெரியாத கீறலா? கையில் துணியை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன ஆடி மாதம் ஒரு காலை, வடசென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்துக்குள் நிறுத்தியிருந்த காரின் பின் பம்பரில், இடது ஓரத்தில், மூன்று கோடு இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். முந்தைய நாள் மாலை அது கிடையாது, அன்றுதான் வண்டியைக் கழுவியிருந்தேன். பக்கத்தில் எதிர்வீட்டுப் பையனின் பைக் நின்றது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, நேராகப் போய்க் கதவைத் தட்டிவிட்டேன்.

பையனின் அப்பா துறைமுகத்தில் ஃபிட்டர். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். "அண்ணே, பையன் நேத்து நைட்டு வண்டியவே எடுக்கல. நான் சொல்றத நம்ப வேணாம், வாங்க, அளந்து பாத்துடலாம்" என்று இஞ்ச் டேப்போடு வந்தார். தரையிலிருந்து கோடு 58 சென்டிமீட்டர். பைக்கின் ஃபுட்ரெஸ்ட், சைலன்சர், க்ராஷ் கார்டு, ஹேண்டில்பார் முனை என ஒவ்வொன்றாக அளந்தார், எதுவும் 58-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்புறம் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டு இரும்பு கேட்டில் கை வைத்தார். தாழ்ப்பாளின் கைப்பிடி ஒன்று, அதற்குக் கீழே போல்ட் தலை இரண்டு. அதே உயரம், அதே இடைவெளி. டார்ச் அடித்துப் பார்த்தால் கோட்டுக்குள் கேட்டின் பச்சைப் பெயிண்ட் துகள் ஒட்டியிருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், கொக்கி மாட்டாத கேட் ராத்திரி முழுக்க வந்து வந்து இடித்திருக்கிறது.

பத்து வருடம் முகம் பார்த்துப் பழகிய மனிதர் வீட்டுக்குப் போய் ஒரு பம்பருக்காகக் குரல் உயர்த்தியது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். அன்றிலிருந்து தெரிந்தவர் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: கீறலைத் துடைக்கவும் வேண்டாம், அதற்காகச் சண்டைக்குப் போகவும் வேண்டாம், முதலில் அதைப் படியுங்கள். எங்கிருந்து வந்தது, எவ்வளவு ஆழம், எவ்வளவு செலவு என்று எல்லாமே அந்தக் கோட்டிலேயே எழுதியிருக்கிறது.

முதலில் போட்டோ

துடைக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு. கோட்டுக்குள் ஒட்டியிருக்கும் பெயிண்ட் துகள்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி, ஈரத்துணியில் ஒரு இழுப்பு இழுத்தால் அது போய்விடும். இரண்டாவது, ராத்திரி முழுக்க படிந்த தூசியோடு சேர்த்துத் துடைத்தால் நீங்களே பத்து கீறல் புதிதாகப் போடுவீர்கள்.

வண்டியை நகர்த்தாமல் படம் எடுங்கள். தள்ளி நின்று ஒன்று, அதில் வண்டியைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும்: கேட், சுவர், அடுத்த வண்டி, கரண்ட் கம்பம், எல்லாம். அப்புறம் கிட்டத்தில் இரண்டு மூன்று. கிட்டத்தில் எடுக்கும்போது கீறலுக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், பின்னால் யார் பார்த்தாலும் கீறலின் நீளம் புரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் பம்பரை ஒட்டிச் சாய்த்து அடித்தால் நேரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடும் எழுந்து நிற்கும். டேப் வைத்து தரையிலிருந்து உயரத்தையும் அளந்து எழுதுங்கள். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

கோட்டைப் படிப்பது எப்படி

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

உயரம் முதலில். தரையை ஒட்டிய அடிப்பக்கத்தில், முன் பம்பரின் உதட்டில் கீறல் என்றால் அது பெரும்பாலும் யாரும் செய்தது இல்லை, வேகத்தடையிலோ வீட்டு வாசல் சரிவிலோ நடைபாதைக் கல்லிலோ உரசியது. குனிந்து அடியில் பார்த்தால் பழைய உரசலும் வரிசையாகத் தெரியும். முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பக்கவாட்டில் நீளமாக ஓடினால் இன்னொரு காரின் பம்பரோ ஆட்டோவோ ஆக இருக்கலாம். பின் பம்பரின் மேல் விளிம்பில், டிக்கி திறக்கும் இடத்தில், முன்பின்னாக இழுத்த கோடுகள் இருந்தால் சாமான் ஏற்றி இறக்கியது. எம்.சி. ரோட்டில் தீபாவளித் துணி எடுத்துவிட்டு அட்டைப்பெட்டியை விளிம்பில் வைத்துத் தள்ளினோமே, அந்தக் கோடு. செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக மூன்று நான்கு மெல்லிய கோடுகள் என்றால் பெரும்பாலும் பூனையோ நாயோ ஏறியது.

அடுத்தது நிறம். கோட்டில் மஞ்சள் ஒட்டியிருந்தால் ஆட்டோவை நினைக்கலாம். கறுப்பாக, தேய்த்தால் பிசுபிசுவென்று வந்தால் டயர் ரப்பர் அல்லது பெயிண்ட் அடிக்காத பிளாஸ்டிக் பம்பர். சுண்ணாம்பு போல வெளிறிய பொடி என்றால் சிமெண்ட் சுவர் அல்லது தூண். துருப்பிடித்த பழுப்பு என்றால் பழைய இரும்பு: கேட், சாரக் கம்பி, அல்லது காசிமேட்டிலிருந்து விடிகாலையில் ஐஸ் பெட்டியோடு வரும் மீன்பாடி வண்டியின் சட்டம். ஒரு எச்சரிக்கை: கோடு கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஒட்டிய நிறம் இல்லை. உங்கள் பெயிண்ட் முழுக்கப் போய் பம்பரின் சொந்த பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தாலும் கறுப்பாகத்தான் தெரியும்.

திசை பார்ப்பது இன்னும் சுவாரசியம். கீறிய பொருள் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் முன்னால் தள்ளிக்கொண்டே போகும், அதனால் கோடு முடியும் இடத்தில் சுருள் சுருளாகச் சின்ன பிசிறு நிற்கும். விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் குத்தும். குத்தும் பக்கம்தான் முடிவு. பின் பம்பரின் பக்கவாட்டில் பிசிறு வண்டியின் முன்பக்கம் பார்த்து நின்றால் உங்களை யாரோ முந்திப் போயிருக்கிறார்கள், இல்லையென்றால் நீங்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது நின்றிருந்த பொருளில் உரசியிருக்கிறீர்கள். பின்பக்கம் பார்த்து நின்றால் இதற்கு நேர்மாறு: எதிரில் வந்த வண்டி, அல்லது நீங்கள் முன்னால் எடுத்தபோது பட்டது.

அப்புறம் வடிவம். நேர்கோடாக நீண்டு ஓடுவது நகரும் வண்டி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப, கொஞ்சம் வளைந்து இருப்பது ஆடும் பொருள்: கேட், சைக்கிள், கட்டி வைத்த ஏதோ ஒன்று. பம்பர் முழுக்க வட்ட வட்டமாக, வெயிலில் மட்டும் சிலந்தி வலை போலத் தெரிவது துடைத்ததால் வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், நம் பக்கத்தில் அதுதான் அதிகம்.

ஆழம்

இப்போது கழுவலாம். நிறைய தண்ணீர், கொஞ்சம் கார் ஷாம்பூ, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி. முதலில் தண்ணீர் மட்டும் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு அப்புறம்தான் துணி.

பம்பர் இரும்பு இல்லை, பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். அதன் மேல் பெயிண்ட் பிடிப்பதற்கான பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இந்த கிளியர் கோட் நம் தலைமுடியைவிட மெல்லியது. கீறல் எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் செலவு.

கோட்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்வரை மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது, பாலிஷில் போய்விடும். அடுத்து விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்காமல் போனால் நல்லது. சிக்கினால் ஆழம் அதிகம், தேய்த்து எடுக்க முடியாது, நிறம் வைத்தாக வேண்டும். உள்ளே வெளிறிய சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர், கறுப்பு தெரிந்தால் பிளாஸ்டிக்.

நிறையப் பேர் விடும் இடம் ஒன்று இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அடி வாங்கி உள்ளே போய், தானாகவே வெளியே வந்துவிடும். வெளியே சின்னக் கீறல்தான் இருக்கும், உள்ளே கிளிப் உடைந்திருக்கும். அதனால் பம்பரும் ஃபெண்டரும் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) சேரும் இடைவெளியை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால் கிளிப் போய்விட்டது. உள்ளங்கையால் அழுத்தினால் லொடலொடவென்று ஆடக் கூடாது. டிக்கி வழக்கம்போல மூடுகிறதா, பார்க்கிங் சென்சார் சரியாக வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, சரி, ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டமும் ஸ்குரூவும் துருப்பிடிக்கும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடற்காற்று உப்பு எதையும் விட்டுவைக்காது, இடைவெளி திறந்த பம்பரை மாதக்கணக்கில் அப்படியே விடாதீர்கள்.

யார் என்று தேட வேண்டுமா?

பாலிஷில் போகிற கீறலுக்கு நான் தேடமாட்டேன். நிறம் போய், கிளிப் உடைந்து, ஆயிரங்களில் செலவு வரும் என்றால் தேடலாம், ஆனால் உடனே தேடுங்கள். கடைகளின் கேமரா பழைய பதிவை அழித்துத்தான் புதியதைப் பதியும், எத்தனை நாள் நிற்கும் என்பது அவர்கள் போட்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தது. கடைக்காரரிடம் "நேற்று ராத்திரி" என்று கேட்டால் யாருக்கும் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருக்காது. நிறுத்திய நேரம், பார்த்த நேரம் இரண்டையும் சொல்லி, கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் "அண்ணே, ஒரு பத்து நிமிஷம்" என்று கேளுங்கள், பெரும்பாலும் காட்டுவார்கள். திரையில் ஓடுவதை உங்கள் போனிலேயே படம் பிடித்துக்கொண்டு, அசல் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வண்டி எண் கிடைத்துவிட்டது, எதிராளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸிலும் பேச்சுவார்த்தையிலும் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. எண் கிடைக்காமல் வெறும் சந்தேகத்தோடு யார் வீட்டுக்கும் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் டேப் எடுத்து அளந்துவிட்டு, அதுவும் அவர்களையும் கூட வைத்துக்கொண்டு, பேசுங்கள்.

இன்சூரன்ஸ் கணக்கு

உங்களிடம் இருப்பது தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் பம்பருக்கு ஒன்றும் கிடைக்காது, இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஓன் டேமேஜும், அதாவது உங்கள் வண்டிக்கு வரும் சேதமும் சேர்ந்த பாலிசி என்றால் கிளைம் போடும் முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம் கழிப்பார்கள். அதன் மேல் கட்டாயக் கழிவு, அதாவது உங்கள் கையிலிருந்தே போக வேண்டிய தொகை, 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. உதாரணமாக, புதுப் பம்பர் 8,000 ரூபாய் என்று வையுங்கள். பாதி போக 4,000, அதில் ஆயிரம் போக 3,000. பெயிண்ட், கூலிக்குத் தனிக் கணக்கு உண்டு, ஆனால் பெயிண்ட் பொருளிலும் பாதி கழியும். ஜீரோ டெப் எடுத்திருந்தால் தேய்மானம் கழியாது, கட்டாயக் கழிவு அப்போதும் உண்டு.

இழப்பது என்ன? நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாமல் ஒரு வருடம் போனால் 20 சதவீதம், அப்படியே 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50. ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000 வருகிற இடத்தில் 50 சதவீதம் வைத்திருப்பவர் ஒரே கிளைமில் அடுத்த வருடமே 4,500 ரூபாய் கூடக் கட்டுவார், திரும்ப 50-க்கு ஏற இன்னும் ஐந்து வருடம். போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால் கணக்கு மாறும், பாலிசித் தாளைப் பாருங்கள். பொதுவாக, கீறலுக்கு மட்டும் கிளைம் போடுவது நஷ்டம் என்பதே என் முடிவு. முன் பம்பரில் ஒன்று, பின் பம்பரில் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விபத்து என்று எழுதித் தருவதாகச் சில பட்டறைகளில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பொய், சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

சரிசெய்வது

ஒட்டிய நிறம் மட்டும் என்றால் வீட்டிலேயே முடியும். ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையைப் பட்டாணி அளவு துணியில் எடுத்து, கோட்டின் மேல் மட்டும், அழுத்தாமல் தேய்த்தால் அடுத்தவர் பெயிண்ட் கழன்று உங்களுடையது கீழே அப்படியே இருக்கும். கீறல் என்று நாம் பயந்ததில் நிறைய இதிலேயே போய்விடும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், பெயிண்டையே கரைக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் மறைகிறது என்பார்கள். மறைவது உண்மைதான், அடுத்த கழுவலில் கீறல் திரும்ப வரும்.

கிளியர் கோட் கீறலுக்கு அதே காம்பவுண்ட், அப்புறம் பாலிஷ், அதற்கு மேல் வாக்ஸ். அப்படியும் போகவில்லை என்றால் 2000, பிறகு 3000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக மெல்லிய உப்புத்தாள்) தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்பது ஒரு வழி, ஆனால் கை பழகாதவர்கள் இறங்க வேண்டாம். பம்பரின் மடிப்பிலும் விளிம்பிலும் பெயிண்ட் இன்னும் மெல்லிசாக இருக்கும், நான்கு இழுப்பில் நிறம் போய்விடும். மெஷின் பாலிஷ் போடுபவரிடமும் ஒரே இடத்தில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். இரும்பு பரப்புவதுபோல பிளாஸ்டிக் சூட்டைப் பரப்பாது, பெயிண்ட் சட்டென்று கருகும்.

நிறம் போன சின்னக் கோட்டுக்கு டச்சப் பெயிண்ட் போதும். கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்குள்ளோ இருக்கும் ஸ்டிக்கரில் நிறக் குறியீடு இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். பாட்டிலில் வரும் பிரஷ் தடிமன், பல்குத்தும் குச்சியால் கோட்டுக்குள் மட்டும் வைத்துக் காயவிட்டு இன்னொரு முறை வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் கட்டியாக நிற்கும். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும், நான்கு அடி தள்ளி நின்றால் தெரியாது. தினமும் சந்தில் நிறுத்தும் வண்டிக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

உள்ளே அமுங்கிய குழி, ஆனால் மடங்கி வெடிக்கவில்லை என்றால் கொதிக்கும் தண்ணீரைக் கவனமாக மேலே ஊற்றி, கனத்த கையுறை போட்டுப் பின்னாலிருந்து தள்ளினால் பல சமயம் வெளியே வரும்.

பெரிய கீறலுக்கு டிங்கரிங் பெயிண்டிங் பட்டறைதான். போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடிப்பீர்களா? சாதாரண பெயிண்ட் பாலிப்ரொப்பிலீனில் பிடிக்காது, ஆறு மாதத்தில் தோல் உரிவது போல உரியும். பட்டி போட்டால் பம்பருக்கான வளையும் பட்டியா? வீட்டுச் சுவருக்குப் போடுவது போன்ற விறைப்பான பட்டி சின்ன இடியில் வெடிக்கும். பம்பரைக் கழற்றி அடிப்பீர்களா, வண்டியில் வைத்தே அடிப்பீர்களா? கழற்றினால் ஓரம் சுத்தமாக வரும், உடைந்த கிளிப்பும் தெரியும். சென்சாரின் மேல் தடிமனாகப் பெயிண்ட் ஏறக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த ஷெட்டில் அடித்தால் ஈரம் பட்டுப் பெயிண்ட் வெளிறிப் பூத்துவிடும், அவசரம் இல்லையென்றால் தை மாதம் வரை பொறுங்கள். அடித்த பிறகு ஒரு மாதம் வாக்ஸ் வேண்டாம்.

திரும்ப வராமல் இருக்க

எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது காலையில் உலர்ந்த துணியால் துடைப்பதை நிறுத்துங்கள் என்றுதான். அனல் மின் நிலையச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் அதே பொருள். ராத்திரி படிந்த அந்தப் பொடியை உலர்துணியால் இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். தினமும் பாசமாகத் துடைத்த வண்டியில்தான் அந்தச் சிலந்தி வலைக் கோடுகள் அதிகம் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றிவிட்டுத் துடையுங்கள். தண்ணீர் இல்லாத நாளில் அப்படியே ஓட்டிப் போங்கள், ஒரு நாள் அழுக்கு வண்டிக்கு ஒன்றும் செய்யாது. வண்டிக்கு உறை போடுபவர்களும் அழுக்கின் மேல் போடாதீர்கள், காற்றில் உறை ஆடி அதே வேலையைச் செய்யும்.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி விரைவுச் சாலையிலும் கண்டெய்னர் டிரெய்லர் திரும்பும் முனைகளில் நிறுத்தாதீர்கள். டிரெய்லரின் முன்பக்கம் உங்களைத் தாண்டிப் போனாலும் பின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், டிரைவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடியில் தெரியாது. முனையிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். சந்துக்குள் என்றால் இடது சுவரை ஒட்டி நிறுத்திக் கண்ணாடியை மடக்குங்கள். விடிகாலை மீன் வண்டி போகும் வழியில் இருப்பவர்கள், பின் பம்பர் பாதையில் நீட்டாமல் இருக்கிறதா என்று இறங்கி ஒருமுறை பாருங்கள். டேஷ் கேமரா போடுபவர்கள், வண்டி நிற்கும்போதும் பதியும் பார்க்கிங் மோடுக்குத் தனி வயர் இழுத்து, பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் தானே நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் காலையில் வண்டி கிளம்பாது.

எங்கள் கேட்டுக்கு அன்றைக்கே வைத்தியம் ஆனது. எதிர்வீட்டுக்காரர் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கொடுத்தார், பையன் அதைத் தாழ்ப்பாள் மேல் இறுக்கிச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டினான். பம்பரில் இரண்டு கோடு காம்பவுண்டில் போய்விட்டது, நடுக்கோட்டில் மட்டும் கிட்டே போனால் டச்சப் தெரியும்.